கியர் விழ மாட்டேங்குது

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. தீசிஸ், அசைன்மெண்ட், வாசல்ல பனி வழிக்கிறதுன்னு மூணுமே தீராத வேலை. இன்னிக்கு எழுத ஒரு விஷயம் இருக்கு, அதோட பேரு கியர் பாக்ஸ். வண்டி சமாச்சாரம் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா பழைய மேனுவல் கார் வச்சிருக்கிற ஸ்டூடண்ட் மக்கள் முழுசாப் படிச்சிட்டுப் போங்க. ஆயிரம் டாலருக்கு மேல மிச்சமாக வாய்ப்பு இருக்கு.

நான் இருக்கிறது ஹௌட்டன், மிச்சிகன். மிச்சிகன்னதும் டெட்ராய்ட்டை நினைச்சுக்காதீங்க. அங்கிருந்து சுமார் 550 மைல் தள்ளி, சுப்பீரியர் ஏரிக்குள்ள விரலை நீட்டின மாதிரி இருக்கிற கீவினா தீபகற்பத்துல இருக்கு. ஒரு சீசனுக்கு 200 அங்குலம் பனிங்கிறது இங்க சாதாரணம். காலேஜ் இந்தக் கரையில, எங்க வீடு தூக்குப்பாலம் தாண்டி ஹான்காக்ல, குவின்சி மேட்டு மேல. வாடகை கம்மி, மேடு ஜாஸ்தி.

2024 செப்டம்பர்ல ரூம்மேட்ஸ் மூணு பேர் காசு போட்டு 2,200 டாலருக்கு ஒரு கார் வாங்கினோம். 2006 மாடல், 5 கியர், 1,68,000 மைல் ஓடினது. கம்பெனி பேர் வேணாம். பதினெட்டு வருஷம் உழைச்ச வண்டியை வச்சு செஞ்சவங்களைக் குறை சொல்றது நியாயமில்லை. இந்த விலைக்குக் கிடைச்சதுக்குக் காரணமே அது மேனுவல்ங்கிறதுதான். அமெரிக்காவுல அதை ஓட்டத் தெரிஞ்சவங்க குறைச்சல்.

அக்டோபர் முழுக்க சமத்தா இருந்துச்சு. நவம்பர் கடைசியில குளிர் மைனஸ் 15, மைனஸ் 18ன்னு இறங்கினதும் ஆரம்பிச்சது வினை. காலையில வண்டியை எடுத்தா ஃபர்ஸ்ட் கியர் முக்கி முனகி விழும். செகண்ட் விழவே விழாது. சுவத்துல கையை வச்சுத் தள்ற மாதிரி இருக்கும். தேர்டும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு இருபது நிமிஷம் ஓடினப்புறம் கொஞ்சம் இளகும்.

தட்டையான ரோட்டுல இது வெறும் எரிச்சல்தான். குவின்சி மேட்டுல அப்படி இல்லை. ஒரு நாள் சாயங்காலம், ரோடெல்லாம் பனி, ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு மாத்தறேன். விழலை. அந்த ரெண்டு மூணு செகண்டுல வண்டி வேகம் செத்துப் போச்சு. பின்னாடி பனி வழிக்கிற லாரி, மஞ்சள் விளக்கு சுத்திக்கிட்டு, கண்ணாடி முழுக்க அதுதான் தெரியுது. திரும்ப ஃபர்ஸ்டுக்கே போய், எஞ்சின் அலற அலற மேல ஏத்தினேன். பக்கத்துல இருந்த ரூம்மேட் வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

மறுநாள் ஒரு ஷெட்டுக்குப் போனோம். அவர் உட்கார்ந்து நாலு தடவை கியரை மாத்திப் பார்த்தார். "சிங்க்ரோ போச்சு. வேற பழைய கியர் பாக்ஸ் வாங்கிப் போடணும். கூலியோட 1,800 டாலர் ஆகும்"னார். ஏமாத்துறார்னு சொல்ல மாட்டேன். மணிக்கணக்குல கூலி வாங்குற ஊர்ல, என்ன கோளாறுன்னு துருவித் துருவித் தேடற நேரத்துக்கும் நாமதான் காசு கொடுக்கணும். மொத்தமாக் கழட்டி மாட்டறது அவங்களுக்கு நிச்சயமான வேலை. ஆனா 2,200 டாலர் வண்டிக்கு 1,800 டாலர் வைத்தியம்! எங்க மூணு பேர்ல யாருக்கும் ஃபண்டிங் கிடையாது. என் ஃபீஸ்ல பாதி பேங்க் லோன். மீதி, அப்பா 2019ல ரிட்டயர் ஆனப்ப வந்த பணம்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். அரசு பஸ் டிரைவர், 24 வருஷம். அதுல பாதிக்கு மேல பொள்ளாச்சி - வால்பாறை ரூட். ஆழியாறு தாண்டினதும் 40 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் மிதிச்சு மிதிச்சே இடது முட்டி போச்சுன்னு அம்மா சொல்லுவாங்க, அப்பா ஒத்துக்க மாட்டார். என் தீசிஸ் என்னன்னு அவருக்கு மூணு தடவை விளக்கியிருக்கேன். மூணு தடவையும் கடைசியில "சாப்டியா கண்ணு?"ன்னுதான் கேட்டார். இந்த விஷயத்துக்கு வேற யாரைக் கேக்கறது?

எங்களுக்கு ராத்திரி எட்டு மணின்னா அவருக்கு மறுநாள் காலை ஆறரை. வாட்ஸப்ல கூப்பிட்டு, கியர் டைட்டா இருக்குன்னு மட்டும் சொன்னேன். 1,800 டாலரைப் பத்தி மூச்சு விடலை. சொன்னா அன்னிக்கே பேங்குக்குப் போய் டெபாசிட்டை உடைப்பார்.

முதல் கேள்வி: "கிளட்ச்சுக்கு அடியில மேட் ஏதாச்சும் மடிஞ்சு கிடக்குதா பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா விஷயம் உண்மைதான். குளிர்காலத்துக்குப் போடற தடிமனான ரப்பர் மேட் பெடலுக்கு அடியில சுருண்டா, பெடல் அரை அங்குலம் கம்மியாப் போகும். கிளட்ச் முழுசா விடாது, கியர் முரண்டு பிடிக்கும். காசில்லாத வைத்தியம், அதான் முதல்ல கேட்டிருக்கார். போய்ப் பார்த்தேன். மேட் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

அடுத்து: "வண்டியை ஆஃப் பண்ணிப்போட்டு கியரைப் போட்டுப் பாத்தியா? அப்பவும் மல்லுக்கட்டுதா?"

இந்த ஒரு கேள்வியிலதான் பாதி பதில் இருக்கு மக்களே. எஞ்சின் ஓடறப்ப மட்டும் கியர் டைட்டா இருந்து, ஆஃப் பண்ணினதும் வெண்ணெய் மாதிரி விழுந்தா, கோளாறு கிளட்ச்ல. மிதிச்சும் அது முழுசா விடலைன்னு அர்த்தம். இந்தக் காலத்துக் கார்கள்ல பெரும்பாலும் கிளட்சுக்கு பிரேக் ஆயில்தான், மேல ஒரு சிலிண்டர், கீழ ஒரு சிலிண்டர். அந்த ரப்பர் சீல்கள் தேஞ்சா ஆயில் உள்ளுக்குள்ளயே நழுவிடும். ரெண்டு மூணு தடவை பெடலை பம்ப் பண்ணினதும் கியர் லேசா விழுந்தா சந்தேகமே வேணாம், அதுதான். இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி நின்னுக்கிட்டிருக்கும்போது கிளட்சை மிதிச்சு நாலஞ்சு செகண்ட் விட்டு ரிவர்ஸ் போடுங்க. நிறைய கார்ல ரிவர்சுக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால பொய் சொல்லாது. கரகரன்னா கிளட்ச் விடலை.

ஆஃப் பண்ணினாலும் டைட்டாவே இருந்தா? கிளட்ச் மேல பழி இல்லை. ராடுல இருந்து கியர் பாக்ஸ் வரைக்கும் போற கேபிள், இணைப்பு, இல்லைன்னா உள்ள இருக்கிற எண்ணெய்.

எங்க வண்டியில ஆஃப்லயும் டைட். பம்ப் பண்ணினாலும் வித்தியாசம் இல்லை. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுந்துச்சு. கிளட்ச் நிரபராதி.

"முன்னாடி பின்னாடி தள்றது கஷ்டமா, பக்கவாட்டுல தள்றது கஷ்டமா?"

இதை நான் யோசிச்சதே இல்லை. போய் உட்கார்ந்து நிதானமா ஆட்டிப் பார்த்தா ரெண்டும் கஷ்டம்தான், ஆனா வேற வேற மாதிரி. பக்கவாட்டுல மணல்ல இழுக்கிற மாதிரி சொரசொரப்பு, வண்டி சூடானாலும் அப்படியே இருக்கு. முன்பின் தள்றப்ப கெட்டியா இருக்கு, சூடானா இளகுது. "ரெண்டு நோவு இருக்குது கண்ணு. ஒண்ணு துரு, ஒண்ணு ஆயில். என்ன ஆயில் ஊத்தியிருக்குது?"

டேஷ்போர்டு பெட்டியில முன்னாடி வச்சிருந்தவரோட பில் எல்லாம் கிடந்தது. மனுஷன் டெக்சாஸ்ல இருந்து வந்தவர். அங்கேயே கியர் ஆயில் மாத்தியிருக்கார், 80டபிள்யூ-90, ஜி.எல்.5. நம்மூர்ல 90 நம்பர் ஆயில்னு சொல்ற ஜாதி. வண்டியோட புத்தகத்தைப் பார்த்தா 75டபிள்யூ, ஜி.எல்.4ன்னு போட்டிருக்கு.

இதுல என்ன பெரிய வித்தியாசம்? கியர் பாக்ஸுக்குள்ள வேற வேற வேகத்துல சுத்தற ரெண்டு பாகத்தைக் கோக்கணும். அதுக்குப் பித்தளையில கூம்பு மாதிரி ஒரு வளையம் இருக்கு. ராடைத் தள்ளினதும் அது கியர் மேல உரசி வேகத்தை ஒண்ணாக்கி, அப்புறம்தான் உள்ள விடும். இதுதான் சிங்க்ரோ. 1928ல காடிலாக் கார்லதான் முதல்ல வந்தது. அது உரசணும்னா நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம் விலகணும். எண்ணெய் கெட்டியாக் கெட்டியா, படலம் விலகாது, வளையம் பிடிக்காது, கியர் விழாது.

எஸ்.ஏ.ஈ. கணக்குப்படி 80டபிள்யூ ஆயில் மைனஸ் 26 டிகிரியில 1,50,000 சென்டிபாய்ஸ் கெட்டித்தன்மையைத் தாண்டக்கூடாது. 75டபிள்யூவுக்கு அதே வரம்பு மைனஸ் 40ல. தண்ணியோட கெட்டித்தன்மை சுமார் 1 சென்டிபாய்ஸ், கணக்குப் போட்டுக்கோங்க. அதாவது மைனஸ் 18ல எங்க கியர் பாக்ஸ் வெல்லப்பாகுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்திருக்கு. டெக்சாஸ்ல இது பெரிசாத் தெரிஞ்சிருக்காது. ஜி.எல்.5ல இன்னொரு சிக்கல். பின் ஆக்ஸில் கியரோட அழுத்தத்தைத் தாங்கறதுக்காக கந்தக, பாஸ்பரஸ் சரக்கு அதிகமாச் சேர்த்திருப்பாங்க. அது சிங்க்ரோ உரசலுக்கு ஆகாது, வழுக்கிடும். சில வகை பித்தளையை அரிக்கவும் செய்யும்.

சனிக்கிழமை ஒரு சீனியரோட கராஜ்ல வேலையை ஆரம்பிச்சோம். அப்பா வீடியோ கால்ல. அவர் போட்ட கண்டிஷன், ஊத்தற போல்ட்டை முதல்ல கழட்டணும், அது கழண்டாத்தான் கீழ இருக்கிற வடிக்கிற போல்ட்டைத் தொடணும். எண்ணெயை வடிச்சுட்டு, ஊத்தற போல்ட் துருப்பிடிச்சுக் கழலலைன்னா வண்டி அங்கேயே நிக்க வேண்டியதுதான். நல்லவேளை, ரெண்டும் வந்துச்சு.

வடிஞ்ச எண்ணெய் கருப்பா, கெட்டியா, அழுகின முட்டை வாசம். வடிக்கிற போல்ட்டுல ஒரு காந்தம் இருக்கும். அதை விளக்குல காட்டச் சொன்னார். அதுல சாம்பல் நிறத்துல பசை மாதிரி ஒட்டியிருந்துச்சு. "விரல்ல தேச்சுப் பாரு. நெருடுதா?" நெருடலை. "அப்பச் செரி. துண்டு துண்டா வந்திருந்தாத்தான் பயம். இது தேய்மானம், எல்லா வண்டியிலயும் இருக்கும்." எண்ணெய்க்குள்ள பித்தளை மினுமினுப்பு கொஞ்சம் இருந்ததையும் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு "செகண்ட் கியர் வளையம் கொஞ்சம் தேஞ்சிருக்கும், ஓட்டற விதத்துல ஓட்டிக்கலாம்"னார்.

புது ஆயில் ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல பிடிச்சுது. வண்டியை மட்டமா நிறுத்தி, ஊத்தற துவாரத்துல இருந்து வழியற வரைக்கும் ஊத்தணும், அதான் அளவு. மூணு பாட்டில், 60 டாலர்.

அடுத்தது துரு. கியர் பாக்ஸ் மேல ரெண்டு கேபிள் வந்து சேருது, ஒண்ணு பக்கவாட்டு அசைவுக்கு, இன்னொண்ணு முன்பின் அசைவுக்கு. பக்கவாட்டுக் கேபிள் இழுக்கிற ஒரு சின்ன நெம்புகோல், அதோட அச்சுல ரோட்டு உப்பும் மணலும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. கேபிளைக் கழட்டிட்டு அந்த நெம்புகோலைக் கையால ஆட்டினா நகரவே இல்லை. ராடு பக்கம் தனியா ஆட்டினா லேசா ஓடுது. ஆக கேபிள் நல்லா இருக்கு, நெம்புகோல்தான் குற்றவாளி. துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு, அரை மணி நேரம் விட்டு, ஆட்டி ஆட்டி, கம்பி பிரஷ் போட்டு, கிரீஸ் வச்சோம். செலவு 14 டாலர். விரல் மூணு விறைச்சுப் போச்சு, அதைக் கணக்குல சேர்க்கலை. :-)

திங்கட்கிழமை காலை மைனஸ் 17. ஃபர்ஸ்ட் விழுந்துச்சு. செகண்ட் லேசாத் தயங்கி விழுந்துச்சு. புது வண்டி மாதிரின்னு புளுக மாட்டேன். அவசரமா தேர்டுல இருந்து செகண்டுக்கு இறக்கினா இப்பவும் ஒரு கரகரப்பு கேக்குது. வளையம் தேஞ்சது தேஞ்சதுதான். ஷெட்டுக்காரர் சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை உண்டு.

அதுக்கு அப்பா சொல்லிக் கொடுத்தது டபுள் கிளட்ச். சிங்க்ரோ இல்லாத பழைய பஸ்கள்ல எல்லாரும் செஞ்ச வித்தை. கிளட்சை மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, திரும்ப மிதிச்சு செகண்ட். வளையம் செய்ய வேண்டிய வேலையை நம்ம காலே செஞ்சிடுது, வேகம் ஒண்ணாகி கியர் தானா விழுது. காலி பார்க்கிங் லாட்ல ஒரு மணி நேரம் பழகினேன். டேஷ்போர்டுல போனை வச்சு, அப்பா வால்பாறை மலையை எஞ்சின் சத்தத்துலயே ஓட்டினவர் மாதிரி, "சீக்கிரம்... சீக்கிரம் மிதிச்சுட்ட... ம்ம், இப்ப ஆச்சு"ன்னு காதாலயே பார்த்துக்கிட்டிருந்தார்.

அன்னிக்குச் சாயங்காலம் குவின்சி மேட்டுல செகண்ட் விழுந்துச்சு. ரூம்மேட் அந்த இடத்துல பாட்டு வால்யூமைக் கூட்டினான்.

ராத்திரி கூப்பிட்டப்பதான் ஷெட்டுல சொன்ன 1,800 டாலரைச் சொன்னேன். ரூபாயில எவ்வளவுன்னு கேட்டார், ஒன்றரை லட்சம்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சு ஹலோ ஹலோன்னேன்.

"இருக்கேன், இருக்கேன்"னார். "ஆமா, ஸ்டெப்னியில காத்து இருக்குதா பாத்தியா?"