அண்ணன் காதில் ஒன்று, என் காதில் ஒன்று!

"இது பாட்டா, இல்ல மிக்ஸியில சட்னி அரைக்கிற சத்தமா?" என்று அம்மா கேட்பார். அண்ணனும் நானும் சிரிப்போம். இருவருக்கும் சேர்த்து ஒரே இயர்போன். ஒரு முனை அவன் காதில், இன்னொன்று என் காதில். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்படித்தான் 'செபுல்டுரா' எனக்கு அறிமுகமானது.

பிரேசில் நாட்டின் த்ராஷ் மெட்டல் பேண்ட் அது. மின்னல் வேக கிட்டார், இடி மாதிரி டிரம்ஸ், தொண்டை கிழியும் குரல். முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. ஆனால், அண்ணன் சொன்ன கதை பிடித்துவிட்டது.

பெலோ ஹொரிசான்டே நகரில் மேக்ஸ், இகோர் கவலேரா என இரு சகோதரர்கள். சிறுவயதிலேயே அப்பாவை இழந்தவர்கள். 1984-ல் பேண்ட் தொடங்கும்போது இருவருமே டீன் ஏஜ் பையன்கள். 'மோட்டார்ஹெட்' குழுவின் ஒரு பாடலை மேக்ஸ் போர்த்துகீசியத்தில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது கிடைத்த வார்த்தைதான் 'செபுல்டுரா'. கல்லறை என்று அர்த்தம்!

ஆரம்பத்தில் எல்லாம் அடுத்தவர் பாணிதான். 'வெனம்', 'ஸ்லேயர்' குழுக்களைக் கேட்டுக் கேட்டு, அதே மாதிரி வாசித்தார்கள். 1985-ல் உள்ளூர் கேசட், ரெக்கார்டு கடை ஒன்று தொடங்கிய 'கோகுமெலோ' நிறுவனம்தான் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அதிலும் ஒரு பக்கம்தான் இவர்களுக்கு. மறுபக்கம் 'ஓவர்டோஸ்' என்ற வேறொரு பேண்டுக்கு.

1987-ல் ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் கிட்டார் கலைஞராக வந்தபிறகு வாசிப்பில் நேர்த்தி கூடியது. 1989-ல் வந்த 'பினீத் தி ரிமைன்ஸ்' ஆல்பம் பிரேசிலுக்கு வெளியேயும் ரசிகர்களைத் தேடித்தந்தது.

எனக்குப் பிடித்த திருப்பம் அதன் பிறகுதான். உலகமே கேட்கத் தொடங்கியபோது, இவர்கள் தங்கள் மண்ணின் சத்தத்தைத் தேடிப் போனார்கள். 1993-ல் வந்த 'கேயாஸ் ஏ.டி.' ஆல்பத்தில், நிலம் பறிபோன கையோவா பழங்குடிகளை நினைத்து ஒரு பாடல். அதில் குரலே கிடையாது. 1996-ல் வந்த 'ரூட்ஸ்' ஆல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடி கிராமத்துக்கே போய், அந்த மக்களோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்தார்கள். பாஹியா மாநிலத்தின் தாளக் கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனும் அதில் இணைந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் பேண்ட் உடைந்தது. நிர்வாகம் தொடர்பான சண்டையில் மேக்ஸ் வெளியேறினார். தம்பி இகோர் பேண்டிலேயே தங்கிவிட்டார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்கும் இடையே சுமார் பத்து வருடம் பேச்சே இல்லை.

எங்கள் கணக்கு இரண்டு வருடம். "ஜர்னலிசம் டிப்ளமோன்னு சொல்லி அப்பா காசைக் கரைச்சிட்ட" என்று ஒருநாள் அண்ணன் கோபத்தில் சொன்னான். நானும் சும்மா இருக்கவில்லை. அதன்பிறகு, பண்டிகைக்கு ஊருக்குப் போனாலும் அம்மா வழியாகத்தான் பேச்சு. "அவன்கிட்ட சார்ஜர் கேளும்மா" என்கிற அளவில்.

போன வாரம் ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட். வேலைக்கு நடுவே ஒரு செய்தி கண்ணில் பட்டது. 2006-ல் சமாதானமான கவலேரா சகோதரர்கள், சேர்ந்து புது பேண்ட் தொடங்கியதோடு நிற்கவில்லை. சிறுவயதில் வாசித்த அந்த முதல் பாடல்களை 2023-ல் இருவருமாகச் சேர்ந்து மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள்.

லிங்க்கை அண்ணனுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

காலையில் பார்த்தால் ஒரு மெசேஜ்: "டிரம்ஸ் செமயா இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சுதா? சாப்டியா?"

அவனுக்கு உடனே போன் போட்டேன்.