கன்னத்தில் எடுத்த அளவு

ஞாயிற்றுக்கிழமை காலை. புக்கிட் பெருவாங் குன்றின் தார்ப்பாதையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு போகிறார்கள். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம். மரங்கள் விலகும் இடத்தில் கீழே மலாக்கா விரிகிறது. கைப்பேசிகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்புகின்றன. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மட்டும் தோளில் தொங்கும் நிக்கோன் எஃப்எம்2 கேமராவைத் தொடவில்லை. காட்சியை ஒருமுறை பார்க்கிறார், தண்ணீர் குடிக்கிறார், இறங்கத் தொடங்குகிறார். கேமராவுக்குள் இருப்பது 36 படம் பிடிக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அதில் ஒன்றைக்கூட அவர் மலைக்குக் கொடுக்கவில்லை.

அடிவாரத்துத் தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகளில் ஒன்றின் முன்கூரை நிழலில் பாட்டி ஒருவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்து லய வீடுகள் போன பிறகு மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்டவர்.

“பாட்டி, ஒரு படம் எடுக்கட்டுமா?”

“எடுய்யா. இரு, தலைய வாரிட்டு வந்துர்றேன்.”

“வேணாம் பாட்டி. கீரைய உருவுங்க, அப்படியே இருக்கட்டும்.”

அவர் படம் எடுக்கவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தபடி, லென்ஸ் கன்னத்தைத் தொட்டுவிடும் தூரத்துக்கு நெருங்குகிறார்.

“என்னாய்யா, மூஞ்சிய மோந்து பாக்குற?”

பாட்டி சிரிக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே பின்னால் நகர்கிறார். லென்ஸ் வளையத்தை எஃப்4-இலிருந்து எஃப்5.6-க்குத் திருப்புகிறார். பாட்டி மறுபடி கீரைக்குக் குனியும்போது ஒரே ஒரு ‘க்ளிக்’.

அந்த இரண்டு அசைவுகளில்தான் அவருடைய கலை முழுவதும் இருக்கிறது. நிழலில் இருக்கும் முகத்தைத் தள்ளி நின்று அளந்தால், பின்னால் கொதிக்கும் வெள்ளை வானம் கேமராவின் ஒளிமானியை ஏமாற்றிவிடும். முகம் கரிக்கட்டையாக விழும். நெருங்கிப்போய்க் கன்னத்தை மட்டும் அளந்தாலும் சிக்கல் தீராது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கும்படிதான் ஒளிமானி செய்யப்பட்டிருக்கிறது. அது சொல்வதைக் கேட்டால் கறுத்த கன்னம் வெளுத்துப்போகும். அதனால் கன்னத்தில் அளவெடுத்து, அதிலிருந்து ஒளியை ஒரு ஸ்டாப் குறைக்கிறார். கறுப்பு கறுப்பாகவே நிற்கும். சுருக்கம், வியர்வை, மூக்குத்தியின் மினுக்கம் எல்லாம் அதற்குள் தெரியும். வானம் வெறும் தாளாக வெளுத்துப்போகும். போகட்டும் என்று விட்டுவிடுகிறார்.

பாட்டி பால் வெட்டிய தோட்டங்களின் கதை பழையது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. அதன் பின் எத்தனையோ தமிழ்க் கைகள் இந்த மண்ணில் பால் வெட்டின. பழைய தோட்டப் படங்கள் பலவற்றில் மரப்பட்டை துல்லியமாக இருக்கும். மரத்தடியில் நிற்பவரின் முகமோ ஒரு நிழல். ஊர் ஸ்டூடியோக்கள் அதே முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தன. இரண்டிலும் அந்த ஆள் இல்லை. வேறு மாதிரி பார்த்தவரும் உண்டு. கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட் (1900–1944) சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். கறுத்த உடம்பின் மேல் வெப்பநாட்டு ஒளி எப்படி விழுகிறது என்பதை 1930களிலேயே படங்களில் காட்டியவர் அவர். இந்த நிறத்துக்கு இந்த ஒளியில் ஓர் அழகு உண்டு என்பதை நம்பிக் கேமராவைத் தூக்க வேண்டும். அளவுகள் அதன் பிறகுதான்.

பிற்பகல், அவர் வீட்டு அடுப்பங்கரை. குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. பேசினில் ஐஸ் கொட்டி, ஃபிலிம் கழுவும் டி-76 மருந்துப் புட்டியை அதற்குள் நிறுத்தி, வெப்பமானி 20 டிகிரி காட்டும்வரை காத்திருக்கிறார். எச்பி5 ஃபிலிமுக்கு ஏழரை நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைப் பத்து விநாடி கவிழ்த்து நிமிர்த்துகிறார். நேரம் முடிந்ததும் மருந்தைக் கொட்டிவிட்டு, அந்த மருந்தின் வேலையை நிறுத்தும் அசிட்டை ஊற்றுகிறார். புளித்த வாடை கூடம்வரை போகிறது.

“என்னாப்பா, பால் ஸ்டோர் வாடை அடிக்குது!” என்று அம்மா குரல் கொடுக்கிறார். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அசிட்டை முகர்ந்து வளர்ந்த மூக்கு அது.

“முடிஞ்சிருச்சிம்மா, ஜன்னலத் திறந்துர்றேன்.”

இரவு, குளியலறையில் சிவப்பு விளக்கு. உலர்ந்த ஃபிலிமை ஆறு ஆறு படமாக வெட்டி, ஆறு பட்டைகளையும் எட்டுக்குப் பத்து அங்குலத் தாளில் அடுக்கி அச்செடுக்கிறார். பிறகு மேசையில் பழைய தாள்களையும் பக்கத்தில் பரப்பி, உருப்பெருக்கியோடு குனிகிறார். ஆரம்பத் தாள்களில் 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயமும் பூ வைத்த ரிக்‌ஷாக்களும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நகரம். எல்லாரும் எடுக்கும் படம். அவற்றில் சிவப்புப் பென்சில் வட்டம் அபூர்வம். வட்டங்கள் விழுந்திருப்பவை வேறு: பஸ் நிறுத்தக் கூரைக்கடியில் ஒருவர், கோயில் பந்தலில் ஒரு பெண், செம்பனை ஓரத்தில் ஒரு பையன். எல்லாமே நிழலில் ஒரு முகம். பின்னால் வெளுத்த வெளி. தான் எங்கே போய் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தாள்களிலிருந்துதான் தெரிகிறது. இன்றைய தாளின் பின்புறம் ‘நிழல்’ என்று எழுதி, தேதி போடுகிறார். தேவாலயத் தாள்களை உறைக்குள் தள்ளுகிறார்.

சொந்தப் பார்வைக்காகப் புதிய லென்ஸையும் புதிய ஊரையும் தேடிப் போகிறவர்கள் உண்டு. இவர் செய்தது, தான் ஏற்கெனவே எடுத்த படங்களுக்குக் காது கொடுத்தது. கறுத்த முகத்தையும் கொதிக்கும் வானத்தையும் ஒரே தாளில் முழுசாகக் கொண்டுவருவது கடினம். ஒளியை யாருக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத் தெரிந்தே, ஒரே பக்கம் நின்று, திரும்பத் திரும்ப எடுப்பவருக்குத்தான் பார்வை கைகூடுகிறது. மாசி மகத்துக்குத் தேர், செங் என்ற ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். ஆயிரம் கேமராக்கள் தேரைப் பார்த்து நிற்கும். இவருடைய ஃபிலிம் தண்ணீர்ப் பந்தலுக்கடியில் நின்று தேரைப் பார்க்கும் முகங்களுக்கு. நம் பாட்டிமார்களின் முகத்தை அதன் நிறத்திலேயே பார்க்க நமக்கு இப்படி ஒருவர் வேண்டியிருந்தது.