முதல்ல கிளிப்பர், அப்புறம் ஃபில்டர்

திருப்பரங்குன்றத்துல பங்குனித் திருவிழா வந்தா, விடியறதுக்கு முன்னாடியே எங்க தெருவுல குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பிச்சிடும். நான் ஜன்னலைச் சாத்திட்டு ஹெட்போனை மாட்டிக்குவேன். "இந்தக் கரகரப்பெல்லாம் ஒரு மியூசிக்கா?" என்று மைக் செட் வச்சிருக்கிற பெரியப்பாகிட்டயே கேட்டிருக்கேன். அவர் பதில் சொல்லல.

இந்த வருஷம் லேப்டாப்ல ட்ராக் பண்ண ஆரம்பிச்சேன். எல்லாம் சுத்தமா இருந்துச்சு. ஆனா உயிர் இல்ல. அதுல இல்லாதது அந்தக் கரகரப்புதான். பெரியப்பாவோ பாக்ஸ் ஸ்பீக்கருக்கு மாறிட்டார். குழாய்கள் மொட்டை மாடியில துருப்பிடிச்சுக் கிடக்கு.

சரி, நாமளே ஒரு பெட்டி செய்வோம்னு உட்கார்ந்தேன். குழாயில பேஸ் வராது. அதுக்கு 10 கிலோஓம், 0.047 மைக்ரோஃபாரட் போட்டு, 340 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். கரகரப்புக்கு, எதிரெதிரா ரெண்டு சிலிக்கான் டயோடு. முதல்ல ஃபில்டர், அப்புறம் டயோடுன்னு இணைச்சேன். பேஸ் மொத்தமா காணாமப் போச்சு.

காரணம் சின்னக் கணக்குதான். 80 ஹெர்ட்ஸ்ல 2 வோல்ட் உள்ளே போனா, ஃபில்டரைத் தாண்டி 0.46 வோல்ட்தான் வரும். டயோடு வேலை செய்ய ஏறக்குறைய 0.7 வேணும்.

மாத்தி இணைச்சேன். டயோடு முதல்ல வெட்டுறப்போ 240, 400, 560 ஹெர்ட்ஸ்ல புது ஹார்மோனிக்ஸ் பிறக்குது. அப்புறம் ஃபில்டர் 80-ஐக் குறைச்சாலும், மிச்சத்தை வச்சு நம்ம காது அந்த பேஸைத் தானே நிரப்பிக்குது. பெரியப்பாவோட செட்டும் இதே வரிசைதான்: ஆம்ப்ளிஃபையர் திணறும், குழாய் வடிகட்டும்.

ஃபில்டர் செதுக்கணும்னா செதுக்க ஏதாவது இருக்கணும். 1982-ல மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்ச ஆல்பத்துல ரோலண்ட் டிபி-303 இருக்கு. அதுலயும் ஹார்மோனிக்ஸ் நிறைஞ்ச அலை முதல்ல, ஃபில்டர் அப்புறம்தான்.

லேப்ல கிளிப்பர் ஒரு எக்ஸ்பெரிமென்ட், ஃபில்டர் இன்னொண்ணு. ரெண்டுக்கும் ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு. லீனியர் டைம்-இன்வேரியன்ட் சிஸ்டம்னா வரிசை மாறலாம்னு படிச்சோம்; டயோடு லீனியர் இல்லைங்கிறதும் தெரியும். ஆனா ரெண்டையும் சேர்த்து நாம காதால கேட்டதே இல்ல. அடுத்த லேப்ல ஒரு தடவை மாத்தி மாத்தி இணைச்சுக் கேளுங்க.

ட்ராக்கைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "எந்தக் குழாய்டா இது?"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் மாடிக்குப் போய், ஒரு குழாயைத் துடைச்சு வச்சோம்.