எட்டுப்பட்டிக்கும் பெரிய அம்மன்!

சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் சாலையிலிருந்து அரூர் சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமபிரான் இங்கே தங்கி, பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்தார் என்பது ஐதிகம். கோதண்டராமர் கோயிலால் பெயர்பெற்ற இந்த ஊரும், ஆடி பிறந்துவிட்டால் சேலம் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களும் அப்படித்தான். அங்கே திருமணிமுத்தாற்றங்கரையில் வீற்றிருக்கிறாள் கோட்டை மாரியம்மன்.

ஒருகாலத்தில் இங்கிருந்த கோட்டையின் காவல் வீரர்கள் வழிபட்ட தெய்வம் இவள் என்கிறார்கள். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாப்பேட்டை என நகரின் பல பகுதிகளிலும் மாரியம்மன் கோயில்கள் உண்டு. அத்தனை பேருக்கும் மூத்தவள் கோட்டை மாரியம்மன்தான். அதனால் 'பெரிய மாரியம்மன்' என்றும் அழைக்கிறார்கள்.

கம்பமும் கரகமும்

பூச்சாட்டுதலோடு ஆடித் திருவிழா தொடங்குகிறது. அடுத்து கம்பம் நடுவார்கள். கொங்கு நாட்டு வழக்கப்படி கம்பம், அம்மனின் கணவராகவே பாவிக்கப்படுகிறது. பெண்கள் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றி வணங்குவார்கள். பிறகு சக்தி அழைப்பு, சக்தி கரகம், உருளுதண்டம், பொங்கல், மாவிளக்கு என்று நகரமே விழாக்கோலம் பூணும். மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். குகை போன்ற பகுதிகளில் நடக்கும் வண்டி வேடிக்கை தனி விசேஷம். தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வலம்வருவதைக் காண வீதி கொள்ளாத கூட்டம் கூடும்.

அம்மை போனது, அம்மன் இருக்கிறாள்

பெரியம்மை ஊர் ஊராகக் கொள்ளை கொண்டுபோன காலத்தில் மாரியம்மனே மக்களுக்குத் துணை. இந்தியாவில் 1975-க்குப் பிறகு அந்த நோய் இல்லை. உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் அம்மன் சன்னதியில் கூட்டம் குறையவில்லை. ஏன்?

அம்மை கண்ட வீட்டில் யாரும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். 'அம்மா வந்திருக்கிறாள்' என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தாளிப்பு, பொரிப்பு கிடையாது. விருந்தாளிகள் வருவதில்லை. கொப்புளம் இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முகமெல்லாம் கொப்புளத்தோடு கிடக்கும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காமல், அம்மன் குடியேறிய இடமாக நினைத்துப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொள்ள வைத்தது அந்த ஒரு சொல். பயத்தின் நடுவே கைவிடாத துணை வேண்டும் என்ற வேண்டுதல் மட்டும் எந்தக் காலத்திலும் தீர்வதில்லை. அதனால்தான் இன்றைக்குச் சின்னம்மைக்கு மருத்துவரிடம் காட்டும் தாயும், பிள்ளை தேறியதும் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொண்டுவருகிறாள். கண் நோய் தீர்ந்தவர்கள் கண்மலர் சாற்றுகிறார்கள்.

புதுப்பித்துக் கட்டப்பட்ட இந்தக் கோயிலுக்கு 2023 அக்டோபர் 27 அன்று கும்பாபிஷேகம் நடந்தது.

எப்படிச் செல்வது?

சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ரயிலில் வருபவர்கள் சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் செல்லலாம். அருகிலேயே அழகிரிநாதர் பெருமாள் கோயிலும் இருக்கிறது. அயோத்தியாப்பட்டணம் ராமரையும் சேர்த்து, ஒரே நாளில் தரிசித்துத் திரும்பலாம். ஆடிக் கூட்டத்தில் குழந்தைகளின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்!