புக்கிட் காத்திலில் மட்டம் பார்ப்போரும் கணினித் திருத்தமும்

மலாக்கா தெங்ஙா மாவட்டத்தில், ஆயர் குரோவை ஒட்டியுள்ள புக்கிட் காத்தில் போன்ற நகர விளிம்புகளில், பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளாக மாறும்போது, முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே. அதற்கு விடை தருவது மட்டம் பார்த்தல், அதாவது நிலத்தின் ஒவ்வொரு புள்ளியும் கடல்மட்டத்திற்கு எவ்வளவு மேலே உள்ளது என்று அளந்து கணக்கிடும் வேலை. தீபகற்ப மலேசியாவில் இவ்வுயரங்களுக்கு அடித்தளம், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பதிவான கடல் ஏற்றவற்ற அளவுகளிலிருந்து பெற்ற சராசரிக் கடல்மட்டம் ஆகும். அதற்கு முன்பு 1911–12இல் அதே துறைமுகத்தில், அது சுவெட்டன்ஹம் துறைமுகம் எனப்பட்ட காலத்தில், சில மாதங்களே எடுத்த அளவுகள் வழக்கில் இருந்தன. பழைய வரைபடத்தின் உயரத்தையும் புதிய உயரத்தையும் ஒரே கோப்பில் கலந்தால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

களத்தில் ஒருவர் கருவியின் வழியே பார்க்க, மற்றொருவர் அளவு குறித்த மட்டக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கிறார். உயரம் தெரிந்த கல்லின் மீது, மலாயில் 'பத்து ஆராஸ்' எனப்படும் அடையாளக் கல்லின் மீது, கோலை வைத்து எடுக்கும் முதல் அளவு பின்னோக்கு. கருவியை இடம் மாற்றுமுன் எடுக்கும் கடைசி அளவு முன்னோக்கு. இரண்டுக்கும் நடுவே எடுப்பவை இடைநோக்குகள். கோல் பிடிப்பதை எவரும் செய்யக்கூடிய எளிய வேலை என்று கருதுவது பெரும் பிழை. கோல் சற்றுச் சாய்ந்தாலும் அளவு கூடிவிடும் என்பதால், அனுபவமுள்ளவர் அதை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க, கருவியில் தெரியும் மிகக் குறைந்த எண்ணே சரியான அளவாகக் குறிக்கப்படுகிறது. கருவி நகரும் வேளையில் கோல் நிற்கும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட அமிழக் கூடாது என்பதற்காக, இளகிய மண்ணில் இரும்புத் தட்டை மிதித்து அழுத்தி அதன்மேல் கோலை நிறுத்துகிறார். முன்னோக்குத் தூரமும் பின்னோக்குத் தூரமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கருவியின் பார்வைக்கோட்டுப் பிழை தானாகவே கழிந்துவிடும். செம்பனை மட்டைகள் பார்வையை மறைக்கும் இடங்களில் இச்சமநிலையைக் காப்பது கால்தூரம் எண்ணி நடக்கும் கோல்காரரின் பொறுப்பாகிறது.

அலுவலகத்தில் இவ்வெண்கள் மென்பொருளுக்குள் செல்லும்போது, ஒவ்வொரு கோட்டிற்கும் தொடக்கப்புள்ளி, முடிவுப்புள்ளி, உயர வேறுபாடு, தூரம் ஆகியவை பதியப்பட்டு, உயரம் தெரிந்த கற்கள் மாறாதவை என்று குறிக்கப்படுகின்றன. புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்தபின் கணக்கில் மிஞ்சும் வேறுபாடு மூடுபிழை எனப்படும். எடுத்துக்காட்டாக, 1.6 கிலோமீட்டர் சுற்றில் 12 மில்லிமீட்டர் மிஞ்சினால், கிலோமீட்டர்த் தூரத்தின் வர்க்கமூலத்தை 12 மில்லிமீட்டரால் பெருக்கும் இரண்டாம் தர வரம்பின்படி 15 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம் என்பதால், அச்சுற்று தேறுகிறது. அப்பிழையைத் தூரத்திற்கேற்பப் பங்கிட்டு, 400 மீட்டரில் 3, 800 மீட்டரில் 6 மில்லிமீட்டர் எனத் திருத்துவதே சரிக்கட்டல். பல சுற்றுகள் பின்னிய வலையில், நீண்ட கோட்டுக்குக் குறைந்த எடை தந்து, மீச்சிறு வர்க்க முறையில் மென்பொருள் இதையே செய்கிறது.

சரிக்கட்டல் பிழையைப் பகிர்கிறதே தவிரத் தவற்றைத் திருத்துவதில்லை. 1.364 என்பதை 1.634 என்று தட்டச்சிட்டால் 270 மில்லிமீட்டர் மூடுபிழை தோன்றும். மென்பொருள் சோதனையில் தோல்வி என்று அறிக்கை தந்தாலும், அந்த 270ஐயும் பங்கிட்டு உயரங்களை அச்சிட்டுத் தந்துவிடும். மூடுபிழை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் குறிப்பேட்டைத் தேடுவது, கணக்குப்பிள்ளைகளும் அறிந்த நல்ல பழக்கம். தொடக்கக் கல்லின் உயரத்தையே தவறாகப் பதிந்தாலோ, சுற்று எவ்விதக் குறையுமின்றி மூடிக்கொள்ளும். உயரம் தெரிந்த இன்னொரு கல்லில் முடித்தாலன்றி அது வெளிப்படாது.

இவற்றினும் ஆபத்தானது இடைநோக்கில் நேரும் தவறு, ஏனெனில் மூடுபிழையில் இடைநோக்குக்கு இடமே இல்லை. பின்னோக்குகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்னோக்குகளின் கூட்டுத்தொகையைக் கழிக்கும் வழக்கமான சோதனையும் அதைத் தொடுவதில்லை. ஆனால் தாமானின் சாக்கடைத் தரைமட்டங்கள் பெரும்பாலும் இடைநோக்குகளாகவே எடுக்கப்படுகின்றன. 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் சாயும் வாய்க்கால் 60 மீட்டரில் 120 மில்லிமீட்டர் மட்டுமே தாழ்கிறது. அதன் மேல்முனையில் மேற்சொன்ன 270 மில்லிமீட்டர்த் தவறு புகுந்தால், தாளில் நீர் மேட்டை நோக்கி ஓடும். வடிகால் நீர்ப்பாசனத் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடும், அதன் பிந்தைய பதிப்பும் எவ்வளவு நுணுக்கமான வெள்ளக் கணக்கைக் கேட்டாலும், அக்கணக்கு நிற்பது இந்த எண்களின் மேல்தான்.

ஆகவே சில இடைநோக்குப் புள்ளிகளையேனும் கருவியின் அடுத்த நிலையிலிருந்து மறுபடி பார்ப்பதும், ஒருவர் தட்டச்சிட மற்றொருவர் குறிப்பேட்டை உரக்க வாசிப்பதும் கட்டாயமாக வேண்டும். அப்படி வாசிக்கும் வேலை கோல் பிடித்தவருக்கே தரப்படுவது முறை. எந்தப் புள்ளி பள்ளத்தில் இருந்தது, எது மதகின் மேல் இருந்தது என்பதை நின்று பார்த்தவர் அவரே என்பதால், திரையில் பள்ளம் மேடாகத் தெரிந்தால் உடனே தடுத்துச் சொல்லும் தகுதியும் அவருக்கே உண்டு. நடைமுறையிலோ வேலை முடிந்ததும் கோல்காரர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்; அவர் காலால் அறிந்ததைக் கேளாமலே கோப்பு மூடப்படுகிறது.