குனிந்தவன் வெல்வானா, மிதித்தவன் வெல்வானா?

சைக்கிள் பந்தயம் என்றால் நம்மில் பலருக்கு ஒரே கணக்குதான். எவன் தொடையில் பலம் அதிகமோ, அவன் ஜெயிப்பான். கூட்டமாக ஓட்டும் பந்தயத்திலாவது முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காற்றிலிருந்து தப்பிக்கலாம். டைம் ட்ரையலில் அதுவும் கிடையாது. ஒவ்வொருவராகக் கிளப்பி விடுவார்கள். ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு கடிகாரம். அங்கே பலம் மட்டும்தானே பேசும்?

அதுதான் இல்லை!

1989 டூர் டி ஃபிரான்ஸ். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். ஃபிரான்சின் லோரான் ஃபினியோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னால் ஒடுக்கிக்கொள்ளும் புதுவகை ஹேண்டில்பாரோடு வந்தார். தலையில் நீண்ட ஹெல்மெட். ஃபினியோன் பழையபடி மாட்டுக்கொம்பு ஹேண்டில்பார், ஹெல்மெட் இல்லை, பின்னால் குடுமி வேறு. லெமாண்ட் 58 நொடி வேகமாக வந்தார். மூன்று வார ஓட்டத்தின் மொத்த முடிவு வெறும் 8 நொடியில்! ஃபினியோனுக்கு அப்போது இருக்கை உராய்ந்து புண் வேறு இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அன்றைக்குப் பிறகு அந்த ஹேண்டில்பாரை யாரும் கேலி செய்யவில்லை.

கொஞ்சம் இயற்பியல் பார்க்கலாம், பயப்படாதீர்கள் :-)

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. ஓட்டுபவர் காற்றுக்கு எவ்வளவு "பெரிதாக" இருக்கிறார் என்பதை ஒரே எண்ணில் சொல்வார்கள். முன்பக்கப் பரப்பையும், உருவம் எவ்வளவு சுலபமாகக் காற்றைக் கிழிக்கிறது என்பதற்கான எண்ணையும் பெருக்கினால் வருவது. சுருக்கமாக இழுவைப் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகக் குனிந்து ஓட்டுபவருக்கு அது சுமார் 0.32 சதுர மீட்டர். நல்ல டைம் ட்ரையல் நிலையில் சுமார் 0.24. மணிக்கு 45 கிலோமீட்டரில் போக, காற்றுக்கு மட்டும் முதலாமவர் 375 வாட் கொடுக்க வேண்டும். இரண்டாமவருக்கு 281 வாட் போதும். 94 வாட் சும்மா கிடைக்கிறது! பயிற்சி செய்து இவ்வளவு பலம் ஏற்ற வருடங்கள் ஆகும். பலருக்கு ஆயுசுக்கும் முடியாது.

அப்படியானால் எல்லோரும் படுத்துக்கொண்டே ஓட்டலாமே? அங்கேதான் சிக்கல். முதுகு தாழத் தாழ, தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள கோணம் சுருங்குகிறது. ஒவ்வொரு மிதியின் உச்சியிலும் முட்டி நெஞ்சை நெருங்குகிறது. மூச்சு முட்டும், இடுப்புத் தசைகள் முழு பலத்தோடு வேலை செய்யாது. சீட்டை முன்னால் தள்ளுவது, பெடல் கட்டையின் நீளத்தைக் குறைப்பது எல்லாம் இந்தக் கோணத்தைக் கொஞ்சம் திறந்துவிடத்தான்.

சரி, எவ்வளவு பலத்தை இழக்கலாம்? இன்னும் கொஞ்சம் குனிந்து 0.24ஐ 0.22 ஆக்குகிறோம், அதனால் 16 வாட் பலம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மிச்சமாவது 23 வாட். லாபம். அதே ஆள் மலையேறுகிறார், வேகம் 15. இப்போது மிச்சமாவது ஒரு வாட் கூட இல்லை! ஆனால் இழந்த 16 இழந்ததுதான். அதனால்தான் மேட்டில் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். "குனிவதா, மிதிப்பதா" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. சாலைதான் பதில் சொல்கிறது.

இதை ஒரு பைத்தியக்காரத்தனத்தின் எல்லை வரை கொண்டுபோனவர் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ. தானே செய்த சைக்கிள், அதில் வாஷிங் மெஷின் பேரிங். கைகளை நெஞ்சுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற சாதனைக்காக 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமாரில் முயன்றார், முடியவில்லை. மறுநாள் காலையே மறுபடி ஏறி 51.596 கிலோமீட்டர்! 1994ல் அந்த நிலைக்கு சர்வதேச சைக்கிள் சங்கம் தடை போட்டது. கைகளை நேராக முன்னால் நீட்டும் "சூப்பர்மேன்" நிலையைக் கண்டுபிடித்தார். 1996ல் அதே நிலையில் கிறிஸ் போர்ட்மன் 56.375 ஓட்டினார். அதற்கும் தடை.

2000ல் அதே போர்ட்மன், 1972ல் எடி மெர்க்ஸ் ஓட்டியது போன்ற பழைய பாணி சைக்கிளில் முயன்றபோது ஓட்டியது 49.441. மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம். நாலு வயது கூடியதைக் கழித்தாலும், ஏறக்குறைய 7 கிலோமீட்டரில் பெரும்பங்கு சைக்கிளும் உட்காரும் விதமும்தான்.

தடை போட்டவர்கள் சொன்ன நியாயம், போட்டி மனிதர்களுக்குள் நடக்க வேண்டும், கருவிகளுக்குள் அல்ல என்பது. கோடு எங்காவது போட்டாக வேண்டும், அது சரி. ஆனால் குனிந்திருப்பது பலமில்லையா? கழுத்தும் தோளும் கதற, ஒரு மணி நேரம் உடம்பை அசையாமல் வைத்துக்கொண்டு மிதிப்பதற்கும் வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதைக் குறுக்குவழி என்று ஒதுக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2014ல் விதிகள் தளர்ந்தன. 2022 ஆகஸ்டில், காற்றியக்கப் பொறியாளரான டான் பிக்ஹம் தன் படிப்பையே ஆயுதமாக்கி, ஸ்விட்சர்லாந்தின் கிரென்ஹென்னில் 55.548 கிலோமீட்டர் ஓட்டி சாதனை படைத்தார். அக்டோபரில், அவர் வேலை பார்த்த அணியின் ஃபிலிப்போ கன்னா அதே ஓடுதளத்தில் 56.792 ஓட்டினார். பிக்ஹமின் அறிவோடு கன்னாவின் தொடையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பொறியாளரின் சாதனை இரண்டே மாதம்தான் நின்றது. ஆனாலும் எனக்கு அந்த இரண்டு மாதங்கள் ரொம்பப் பிடிக்கும்.