தேரிக்காட்டு ஓரிதழ்

ஏரலில் வாழையும் நெல்லும் தாமிரபரணித் தண்ணீரில் விளைகின்றன. தெற்கே காயாமொழிப் பக்கம் போனால் மண்ணே வேறு. இரும்புச் சத்தேறிச் சிவந்த மணல், பனை, உடை, கொல்லாமரம்: குதிரைமொழித் தேரி. கார்த்திகை மழை ஓய்ந்தபின் அதை ஒட்டிய தரிசில் கணுக்கால் உயரத்தில் ஒரு செடி பூத்திருந்தது.

தூரத்திலிருந்து பார்க்க ஒரே இதழ்தான். இளஞ்சிவப்பில் ஊதா கலந்து, காம்புபோல் ஒடுங்கித் தொடங்கி, நுனியில் அகப்பையாக விரிகிறது. கைலென்ஸை வைத்ததும் மற்ற நான்கு இதழ்களும் தெரிந்தன. சின்னஞ்சிறிதாய், பூவின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு. முற்றிய காய் மூன்றாகப் பிளந்திருந்தது. உள்ளே வரிவரியாய்க் கோடோடிய வெளிர் விதைகள்.

ஆடு பத்தி வந்த ஆச்சியிடம் கேட்டேன்.

“ஓரிதழ்த்தாமரைல்லா இது! கோடையில மேல கருகிப் போவும் தம்பி. அடுத்த மழைக்குப் பழைய வேருலேருந்தே தளுத்துரும்.”

சில நூல்கள் இதை ஓராண்டுச் செடி என்கின்றன, சில பல்லாண்டுச் செடி என்கின்றன. கட்டை பாய்ந்திருந்த அடித்தண்டைப் பார்த்தபின் நான் ஆச்சி கட்சி.

தாமரைக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஊட்டி மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாக வைக்கிறார்களே பான்சி, அதுதான் இதன் பங்காளி. கேம்பிள் எழுதிய மதராஸ் மாகாணத் தாவர நூலில் இது அயோனிடியம். பின்வந்த நூல்களில் ஹைபாந்தஸ் எனியாஸ்பெர்மஸ். அமெரிக்கக் கண்டத்துச் செடிகளையும் ஆப்பிரிக்க, ஆசியச் செடிகளையும் ஒரே பேரினத்தில் அடைத்தது சரியில்லை என்று 2015-ல் பிரித்து, ஆஃப்ரோஹைபாந்தஸ் ஆக்கிவிட்டார்கள். பேர் வைக்கிறவர்களுக்கு ஓய்வே இல்லை போலும்.

முதலில் வைத்தவர் லின்னேயஸ், 1753-ல். வயோலா என்றார். அவர் ஆசியாப் பக்கமே வந்ததில்லை. டச்சுக் கம்பெனி மருத்துவர் பவுல் ஹெர்மன் 1670-களில் இலங்கையில் சேகரித்து அழுத்தி உலர்த்திய செடிகள், எங்கெங்கோ கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றை வைத்தே 1747-ல் இலங்கைத் தாவரங்களுக்கென்று தனி நூல் போட்டார். அந்தத் தொகுதிகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவுக்கு அந்தக் கரையில் ஹெர்மன் பறித்தார். இந்தக் கரையில் அதே பூவை ஆடு மேய்கிறது.

ஏரல் கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஓரிதழ்த்தாமரைப் பொடி கேட்டேன். ஆண்மைக்குறைவுக்கு என்று சித்த மருத்துவத்தில் பேர்போன சரக்கு. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி எடுத்துக் கொடுத்தார். பச்சைத் தூள். இதழில்லை, காயில்லை, எல்லாம் ஒன்றாய் அரைபட்டிருந்தது. இதை வைத்து எந்தத் தாவரவியலாளரும் வெறுங்கண்ணால் செடியைச் சொல்லிவிட முடியாது.

“வேரும் சேர்த்தா?”

“சமூலம்லா அண்ணாச்சி, வேரோட பிடுங்கினாத்தான்.”

“தேரியிலிருந்து வருதா?”

“நம்ம ஊர்ல யாரு பறிக்கா? விருதுநகர் லோடுல வருது.”